வயிற்றைக் கட்டாமல் வீட்டுச் செலவைக் குறைக்க

கேட்டவர் ஈரோட்டில் வாடகை வீட்டில் இருப்பவர். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். கணவர் சம்பளத்தில் கைக்கு வருவது 32,000. மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி நிற்கிறது. "காய்கறியைக் குறைத்தாச்சு, பாலை ஒரு லிட்டரில் இருந்து அரை லிட்டர் ஆக்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதையும் நிறுத்தியாச்சு, அப்படியும் இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது, இனி எதைத்தான் குறைப்பது" என்று கேட்டிருக்கிறார்.

முதல் வேலையாகப் பாலைப் பழையபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். மாதம் இரண்டு தடவையாவது கறி எடுங்கள், முடியாத வாரம் முட்டை போதும். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நம் வீடுகளில் கை போகிற முதல் இடம் அடுப்படிதான், அதிலும் கடைசியாகச் சாப்பிட உட்காருகிற ஆளின் தட்டுதான் முதலில் குறையும், அது யார் என்று உங்களுக்கே தெரியும். அதில் மிச்சமாவது மாதம் சில நூறு ரூபாய். பிள்ளைகள் வளர்கிற வயது, உங்களுக்கோ நாள் முழுக்க வேலை, அந்தச் சில நூறுக்காக இதைச் செய்யவே வேண்டாம்.

வீட்டுச் செலவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கடையில் நின்று வாங்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்வது. தக்காளி அரைக் கிலோவா ஒரு கிலோவா என்பது இந்த ரகம். இன்னொன்று, நாம் யோசிக்காமலே மாதாமாதம் தானாகப் போவது. கரண்ட் பில், வட்டி, ரீசார்ஜ், மாத்திரை எல்லாம் இந்த ரகம். முதல் ரகத்தில் மிச்சம் பிடிக்க தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டும், பத்து நாளில் அலுத்துவிடும். இரண்டாவது ரகத்தில் ஒரு தடவை உட்கார்ந்து சரி செய்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு மிச்சமாகிக்கொண்டே இருக்கும். அதனால் பின்னதில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கார்டு பாக்கி. கரண்ட், கேஸ், மளிகை மூன்றிலும் நீங்கள் மாதாமாதம் மிச்சம் பிடிக்கக்கூடியதை இது ஒன்றே விழுங்கிவிடும். கணக்கைப் பாருங்கள். கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதம் மூன்றில் இருந்து மூன்றே முக்கால் சதவீதம் வரை இருக்கும். மூன்றரை என்று வைத்தால் 40,000-க்கு மாதம் 1,400 ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 252 ரூபாய், ஆக 1,652. ஸ்டேட்மென்டில் 'மினிமம் டியூ' என்று ஏறத்தாழ 2,000 ரூபாய் போட்டிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டு இந்த மாதம் தப்பித்தோம் என்று இருந்தால் அசலில் கழிவது 348 ரூபாய் மட்டும். இடையில் அதே கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால் அந்தப் புதுச் செலவுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும், ஏனென்றால் பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாத அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகை கிடையாது. இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ வைத்து அந்த 40,000-ஐ ஒரேயடியாகக் கட்டி முடித்துவிடுங்கள். நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 333 ரூபாய்தான். 1,652 எங்கே, 333 எங்கே. மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் அப்படியே கையில் நிற்கும், உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் பாலுக்கு மாதம் முழுக்க ஆகிற காசு இது. நகையை அடகு வைப்பதா என்று மனசு சங்கடப்படும், புரிகிறது. ஆனால் அது பெட்டிக்குள் சும்மா கிடக்கும்போது வெளியே நாற்பது சதவீத வட்டி ஓடுகிறதே, நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தெருமுனை அடகுக் கடைக்குப் போகாதீர்கள், அங்கே வட்டி கார்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம், வட்டியை மட்டும் கட்டி வருடாவருடம் திருப்பி வைத்துக்கொண்டே போகாமல், மிச்சமாகிற அந்த 1,300-ஐ அசலிலேயே கட்டுங்கள். இரண்டு இரண்டரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கார்டை வெட்டிப் போட வேண்டியதில்லை, பீரோவில் வைத்தால் போதும்.

நகை இல்லையென்றால் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் குழு மூலம் வங்கிக் கடன் கேட்கலாம், அதுவும் கார்டு வட்டியை விடப் பல மடங்கு குறைவு. வாராவாரம் வீட்டு வாசலில் வந்து வசூலிக்கிற கடன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் தவறினால் உங்களோடு சேர்ந்து அந்தக் கடன் வாங்கிய மற்ற பெண்களுக்கும் அது தலைவலி ஆகிவிடும்.

சரி, கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், 2016-ல் இருந்து இப்படித்தான். ஆனால் 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் என்ன ஆகிறது என்று நிறையப் பேர் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூலையில் விகிதங்கள் இன்னும் கொஞ்சம் ஏறின, ஆனால் படிகள் அமைந்திருக்கிற விதம் அதேதான். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101-ல் இருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். கூட்டிப் பாருங்கள், சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் 1,725 ரூபாய். 510 ஆகிவிட்டால்? 501-க்கு மேல் யூனிட் 8 ரூபாய் என்பது ஒன்று. அதோடு 101-ல் இருந்து 200 வரை கிடைத்த பாதி விலையும் பறிபோய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 போட்டுவிடுவார்கள். பில் 2,030. வெறும் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்.

அதனால் உங்கள் வீட்டு ரீடிங் 500-ஐ ஒட்டி வருகிறதா என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். ஒட்டி வருகிறது என்றால், ரீடிங் எடுத்த தேதியை காலண்டரில் குறித்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீட்டரை நீங்களே பாருங்கள். ஒரு மாதத்தில் 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் அயர்ன் பாக்ஸிலும் மோட்டாரிலும் கை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், பில் வந்தபின் திகைத்து நிற்க வேண்டியதில்லை. ரீடிங் எடுக்க வருகிறவர் ரொம்பத் தாமதமாக வந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு, அப்போது தேதியோடு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மீட்டர் போட்டோ பிரிவு அலுவலகத்தில் பேச உதவும்.

வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஓனர் வசூலிக்கிற இடமாக இருந்தால் இந்தப் படிக்கட்டு கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, இலவச 100 யூனிட்டும் உங்கள் கைக்கு வராது. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகை ஐந்நூறு கூட இருந்தாலும் தனி மின் இணைப்பு இருக்கிற வீடாகப் பாருங்கள். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசுகிறோம், மீட்டர் யாருடையது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

கரண்டை அதிகம் சாப்பிடுவது எது என்று கேட்டால் ஏசி, கீசர் என்பார்கள். ஏசி இல்லாத வீட்டில் அது ஃபேன். சத்தம் போடாமல் நாளெல்லாம் ஓடுவதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். ஹாலில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது என்றால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இப்போது வருகிற பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் ஃபேன் 28 வாட் அளவில்தான் இழுக்கும், அதே நேரத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 45 யூனிட் மிச்சம். ஹாலில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று என்று இரண்டை மாற்றினால் 90 யூனிட். மேலே சொன்ன அந்த 510 யூனிட் வீட்டில் இதைச் செய்தால் 420-க்கு வந்துவிடும், அந்தப் பழைய கணக்குப்படியே பில் 2,030-ல் இருந்து 1,245 ஆகும். ஒரு பில்லுக்கு 785 ரூபாய்.

ஒரு ஃபேன் 3,000 ரூபாய் பக்கம் ஆகும். 500-ஐத் தாண்டுகிற வீட்டில் ஒன்றரை வருடத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். 250 யூனிட் மட்டும் ஓடுகிற வீட்டில் இதே ஃபேனுக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம் ஆகும், அங்கே அவசரமில்லை, பழையது ரிப்பேர் ஆகும்போது மாற்றினால் போதும். உங்களுக்கும் சொல்கிறேன், இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், தவணையிலும் வேண்டாம். அதிக நேரம் ஓடுகிற ஹால் ஃபேனை முதலில் மாற்றுங்கள், அதில் மிச்சமாகிற காசில் அடுத்தது. வாங்கும்போது ஐந்து நட்சத்திர லேபிளையும் அதில் எத்தனை வாட் என்று போட்டிருப்பதையும் பாருங்கள், கடைக்காரர் சொல்லுக்கு வாங்க வேண்டாம். பழைய ஃபேனை ரெகுலேட்டரில் குறைத்து ஓட்டினால் கரண்ட் மிச்சமா என்று கேட்பார்கள். மின்னணு ரெகுலேட்டர் என்றால் ஓரளவு மிச்சம்தான், அந்தப் பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் என்றால் மிச்சமில்லை, ஃபேனுக்குப் போகாத கரண்ட் அந்தப் பெட்டியில் சூடாகப் போய்விடும்.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது, மெஷின் ஓயாமல் ஓடுகிறது என்று அர்த்தம். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடலாம். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு டேங்க் வழிகிற சத்தம் கேட்டபிறகு ஓடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். பள்ளிச் சட்டைகளை தினமும் ஒவ்வொன்றாகத் தேய்க்காமல் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் தேய்த்தால் பெட்டி ஒரு தடவை சூடானால் போதும். ஏசி வைத்திருப்பவர்கள் 26-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக விட்டால் 22-ல் வைத்த அதே சுகம் கிடைக்கும், ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஆறு சதவீதம் அளவுக்குக் கரண்ட் குறையும் என்பது எரிசக்தித் திறன் ஆணையமே சொல்கிற கணக்கு.

கேஸ் விலையை நம்மால் குறைக்க முடியாது, ஆனால் ஒரு சிலிண்டர் முப்பது நாளில் தீர்வதும் நாற்பது நாள் வருவதும் கொஞ்சம் நம் கையில்தான் இருக்கிறது. பெரிய வித்தியாசம் ஊறவைப்பதில். துவரம் பருப்பை அரை மணி நேரம், கொண்டைக்கடலை மாதிரி கெட்டியானவற்றை ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் வேகிற நேரம் நன்றாகக் குறையும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிடுங்கள். உள்ளே அழுத்தம் வந்தபின் தீயைப் பெரிதாக வைத்தால் உள்ளே சூடு கூடாது, ஆவிதான் விசிலாக வெளியே போகும். ஐந்து விசில், ஆறு விசில் என்று எண்ணுவதை விட சிம்மில் எத்தனை நிமிடம் என்று பழகிக்கொண்டால் கேஸும் மிச்சம், பருப்பும் பொங்கி வழியாது. அப்புறம், தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், பர்னரில் பொங்கிய பால் அடைத்திருக்கிறது, கழற்றி ஊசியால் குத்திக் கழுவுங்கள்.

சிலிண்டர் வரும்போது எடை போட்டுத் தரச் சொல்லுங்கள், கேட்டால் போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. உள்ளே 14.2 கிலோ கேஸ், காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பகுதியிலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை. பில்லில் போட்டிருக்கும் விலைக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் அடங்கும். மூன்று மாடி தூக்கி வருகிற மனிதருக்கு நீங்கள் விரும்பிக் கொடுத்தால் அது உங்கள் மனசு, கட்டாயம் என்று யாரும் கேட்க முடியாது.

இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் லாபமா என்ற கேள்விக்கு, ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இன்டக்‌ஷனில் செய்ய என் கணக்கில் 130, 140 யூனிட் பிடிக்கும். உங்கள் வீடு 300, 350 யூனிட்டில் நிற்கிறது என்றால் வெந்நீர், பால், டீக்கு இன்டக்‌ஷன் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் லாபம். ஏற்கெனவே 500-ஐ ஒட்டி நிற்கிற வீடென்றால் அதைத் தொடவே வேண்டாம், கேஸில் மிச்சம் பிடித்து கரண்டில் இரட்டிப்பாகக் கட்ட நேரிடும். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

மளிகைக்கு வருவோம். ரேஷன் கார்டு இருந்தும் அரிசி வேண்டாம் என்று விடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், புழுங்கலரிசியை நன்றாகக் கழுவி இட்லிக்கு ஊறப்போடுங்கள். பாதி ரேஷன் அரிசி, பாதி இட்லி அரிசி என்று போட்டு உளுந்தை மட்டும் நல்லதாக வாங்கினால் இட்லி பூப்போல வரும், மெத்தென்று இருப்பதில் பெரும்பங்கு உளுந்துடையது. ஐந்து பேர் வீட்டில் வாரம் நான்கு நாள் மாவுதான் டிபன் என்றால் இட்லி அரிசிச் செலவு பாதியாகிவிடும். மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குவதை முதலில் நிறுத்துங்கள், அது அரைப்பதை விட இரண்டு மூன்று மடங்கு விலை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கிறது. வெளியில் துவரம் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். பருப்பு எப்போது லோடு வருகிறது என்று கடையில் கேட்டு வைத்துக்கொண்டு அந்த வாரமே வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் போனால் இருப்பு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

காய்கறிக்கு உங்கள் ஊரில் சம்பத் நகர் உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியதில் இருந்தே, இடையில் தரகு இல்லாமல் விவசாயியே விற்பதுதான் இதன் ஏற்பாடு. அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் பயமில்லை. வாரம் இரண்டு தடவை விடிகாலையில் போய் வாங்கினால் தெருவில் வண்டிக்காரரிடம் வாங்குவதை விட நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய வாங்கிவந்து பாதியை ஃபிரிட்ஜில் அழுகவிடாதீர்கள். அழுகிப் போன அரைக் கிலோ பீன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீங்கள் வாங்கியது மலிவே இல்லை. கீரை, வெண்டை, கத்தரியை முதல் இரண்டு நாளில் செய்து முடித்துவிட்டு, முட்டைக்கோஸ், கேரட், சேனை, பூசணியைக் கடைசிக்கு வையுங்கள்.

விலை ஏறும்போது அந்தக் காயோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கிற நிலைமை வந்தது. அந்த மாதிரி வாரங்களில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல் என்று நம் சமையலில் தக்காளியே தேடாத வகைகள் எவ்வளவோ இருக்கின்றன. தக்காளி இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நம் பாட்டிகளின் பாட்டிகள் சமைத்ததெல்லாம் அவைதானே.

வருடச் சாமான் வாங்குகிற பழக்கம் விட்டுப்போனதில் நிறைய நஷ்டம். புளியும் வற்றல் மிளகாயும் மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரும்போது விலை இறங்கும், அப்போது ஆறு மாதத்துக்காவது வாங்கி நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துவிடலாம். ஈரோட்டில் இருந்துகொண்டு பாக்கெட் மஞ்சள்தூள் வாங்காதீர்கள், விரலி மஞ்சளாகவே வாங்கி மிளகாய், மல்லியோடு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். விலையும் குறையும், கலப்படப் பயமும் இல்லை. பிள்ளைகளுக்குத் தினசரி உடுத்துகிற துணி, துண்டு, போர்வை எல்லாவற்றுக்கும் வாராவாரம் கூடுகிற ஜவுளிச் சந்தை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, வெளியூர் வியாபாரிகள் பஸ் ஏறி வந்து வாங்கிப்போகிற இடம் அது.

பாக்கெட் சாமான் வாங்கும்போது ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் பார்க்க ஒரே அளவாக இருக்கும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 910 கிராம் இருக்க வேண்டும், ஆனால் 850, 800 கிராம் என்று குறைத்துப் போட்டு விலையைப் பத்து ரூபாய் குறைத்து வைத்திருப்பார்கள், நாமும் இது மலிவு என்று எடுத்துவந்துவிடுவோம். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. எம்ஆர்பி பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்பதும் இல்லை, சில சாமான்களில் பத்து ரூபாய்ச் சின்னப் பாக்கெட்டே மலிவாக வரும். ஷாம்பு சாஷே பல நேரம் பாட்டிலை விட மலிவு.

ஆவின் பால் வாங்குகிற சென்னைக்காரர்களுக்கு ஒன்று. மாத அட்டைக்கு விலை குறைவு, அதிலும் 2022 நவம்பரில் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48-ல் இருந்து 60 ஆனபோது அட்டைக்காரர்களுக்கு 46 என்றே விட்டிருந்தார்கள். உங்கள் ஊரில் சொசைட்டியில் கறந்த பால் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் குடிக்கப் பச்சைப் பாக்கெட், டீக்கும் மோருக்கும் நீலப் பாக்கெட் என்று பிரித்து வாங்கலாம், அளவைக் குறைக்காமலே செலவு குறையும்.

ரீசார்ஜ் பற்றிச் சுருக்கமாக. 28 நாள் பிளான் போட்டால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். மாமியார் போனுக்குத் தினம் ஒன்றரை ஜிபி எதற்கு, பேச மட்டும் உள்ள நீண்ட நாள் பிளான் போதும். கணவருக்குப் பகல் முழுக்க வேலையிடத்தில் வைஃபை இருந்தால் அவருக்கும் அப்படியே. ஓடிடி, கேபிள் இரண்டும் வீட்டில் இருந்தால் ஒன்றை நிறுத்துங்கள், வங்கிக் கணக்கில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பார்த்தால் மறந்தே போன ஒன்று தானாகப் போய்க்கொண்டிருப்பது தெரியவரும். வேலைக்கோ சந்தைக்கோ போகும்போது சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 மே மாதத்தில் இருந்து இருக்கிறது, சின்னத் தூரத்துக்கு ஸ்கூட்டியை எடுக்காமல் நேரம் ஒத்துவந்தால் அதில் போய்வாருங்கள்.

மாமியாருடைய மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை நிறுத்துவதோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதோ கூடவே கூடாது, காசு மிச்சம் என்று இதைச் செய்கிற பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்வதும் இல்லை. அவர் சரியாகப் போடுகிறாரா என்று அட்டையை நீங்களே எண்ணிப் பாருங்கள். செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. அட்டையின் பின்னால் பிராண்ட் பெயருக்குக் கீழே மருந்தின் பெயர் இருக்கும், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின் என்று. அதே மருந்து, அதே மில்லிகிராம், மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் பிராண்ட் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரைகிற வகையா என்பது ஒத்திருக்க வேண்டும், அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவும் வேண்டாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கே போனால் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நம் வரிப்பணத்தில் நடப்பது. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமான வரம்பு 1,20,000 என்பதால் உங்கள் சம்பளத்துக்கு வராது. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள், அதுவும் உங்களுக்கு வராது, அதனால் கணவருடைய கம்பெனியில் குரூப் மெடிக்கல் பாலிசி இருக்கிறதா, அதில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், கார்டு பாக்கி முடிந்த கையோடு முதலில் எடுக்க வேண்டியது குடும்பத்துக்கான ஒரு மருத்துவக் காப்பீடுதான். ஃபேன் மாற்றுவது, பழைய கடனைச் சீக்கிரம் அடைப்பது எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் இங்கே பேசிய அத்தனை மிச்சமும் ஒரே பில்லில் போய்விடும்.